பாஸ் மார்க் 35

எக்கோ அறையில் எப்போதும் அரை இருட்டு. திரையில் இதயம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று விளக்கை அணைத்துவிடுவோம். நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, ஜெல்லோடு கருவியை நெஞ்சில் வைத்தால் "ஜில்லுனு இருக்கு சார்" என்பார்கள். அதற்கடுத்து வரும் கேள்வி இருபது வருஷமாக மாறவில்லை. "பம்பிங் எவ்வளவு சார்?"

தூத்துக்குடி உப்பளத்தில் நாற்பது வருஷம் உழைத்த ஒரு பெரியவருக்கு அது 30 என்று வந்தது. வயது 63. நெஞ்சுவலி வந்த அன்று வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து, மூன்றாம் நாள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர். மாரடைப்பு தன் வேலையை அதற்குள் முடித்திருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே திரை ஓரத்தில் இருந்த எண்ணை மகன் பார்த்துவிட்டார். "பாஸ் மார்க்கே 35 ஆச்சே சார்" என்றார். படுத்திருந்த பெரியவர் திரும்பாமலே சொன்னார்: "அஞ்சாப்பு ஃபெயிலானவந்தான நானு. இதுலயுமா?"

இருட்டில் மூன்று பேருமே சிரித்தோம். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே விட மனம் வரவில்லை. மறுநாள் வார்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் உலகத்தில் ஒருவர்கூடக் கிடையாது. நல்ல இதயத்தின் இடது கீழறையில், ஒரு துடிப்புக்கு முன் சுமார் 120 மில்லி ரத்தம் நிரம்பும். அதில் 70 மில்லி வெளியே போகும், மீதி உள்ளேயே நிற்கும். நூற்றுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டால் பம்பிங் 60க்கும் சற்றுக் கீழேதான் வரும். 55க்கு மேல் இருந்தாலே நாங்கள் நல்லது என்று எழுதிவிடுவோம். 40, அதற்கும் கீழே என்றால் பம்பிங் குறைவு. ஆகவே 30 என்றால் இதயத்தில் 70 பங்கு செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இன்னொரு சங்கதி. பலவீனப்பட்ட இதயம் விரிந்து கொடுக்கும். 120 பிடித்த அறை 200 பிடிக்கும் அளவுக்குப் பெருத்துவிட்டால், அதில் 30 சதவீதமே 60 மில்லி ஆகிவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவருக்கு அது தாராளம். 25 வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருகிறவர்களும், 40 இருந்தும் கட்டிலை விட்டு இறங்க முடியாதவர்களும் என்னிடம் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் விரிந்த இதயத்துக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பின்வாங்கி நுரையீரலில் போய் நிற்கும், அங்கே நீர் கோக்கும். மாடிப்படியில் அது தெரியும். ராத்திரி மல்லாந்து படுத்தால் நன்றாகவே தெரியும்.

அந்த எண்ணும் அப்படியொன்றும் சத்தியவாக்கு அல்ல. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்ஸும் முதன்முதலில் ஒலி அலையால் இதயத்தைப் பார்த்தபோது, கப்பல் கட்டும் தளத்தில் இரும்பின் விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவியைத்தான் கடன் வாங்கிப் பயன்படுத்தினார்கள். துறைமுக ஊர்க்காரனான எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. கருவி எவ்வளவோ மாறிவிட்டது. என்றாலும் அறையின் ஓரத்தைக் கோடு போட்டுக் காட்டுவது இன்றும் பெரும்பாலும் ஒரு மனிதக் கைதான். நான் காலையில் 32 என்று போட்டதை இன்னொரு டாக்டர் மாலையில் 37 என்று போடலாம், இரண்டுமே தப்பில்லை. 30 போய் 33 ஆனதற்கு இனிப்பு வாங்கி வந்தவர்களிடம் இதைச் சொல்ல மனம் வராமல் ஒரு துண்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

'இதயச் செயலிழப்பு' என்ற சொல்லோடு எனக்குத் தீராத சண்டை. ஆங்கிலத்துச் சொல்லை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பத்திரிகையிலும் எழுதிக்கொண்டிருக்கிறோம். செயலிழந்தது என்றால் நின்றுவிட்டது என்றுதானே தமிழனுக்குப் படும்? சம்மரியைப் படித்துவிட்டுச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு வரச்சொன்ன வீட்டை நான் பார்த்திருக்கிறேன். நோயாளியோ வராந்தாவில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 'பம்பிங் கம்மி' என்று நம் ஜனங்கள் தாங்களாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுவே போதும்.

மெஷினில் படுக்கவைக்கும் முன்பே பாதி விவரம் வாசலில் கிடைத்துவிடும். செருப்பின் வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டியிருப்பார்கள். கொலுசு கணுக்காலில் தடம் பதித்திருக்கும். மெட்டியைக் கழற்றிக் கைப்பையில் வைத்திருப்பார்கள். "எத்தனை தலகாணி வச்சுப் படுக்கீங்க?" என்பது என் நிரந்தரக் கேள்வி. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் சாய்வு நாற்காலியிலேயே தூங்குகிறவர் என்றால் நுரையீரலில் நீர் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்துபோய் வாசல் நடையில் காற்றாட உட்காருகிறாரா என்று வீட்டம்மாவிடம்தான் கேட்கவேண்டும், நோயாளி சொல்லமாட்டார். பசியில்லை, ரெண்டு வாயிலேயே வயிறு நிரம்பிவிடுகிறது என்று கேஸ் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் குடலும் கல்லீரலும் நீர் கோத்துக் கனத்துப் போயிருக்கும்.

ஓர் அம்மா என்னிடம் "கோலம் போடுதத விட்டுட்டேன் சார், மருமவ போடுதா" என்றார். வயசாகிவிட்டது என்றுதான் அவர் அதை எடுத்துக்கொண்டிருந்தார். குனிந்து நாலு புள்ளி வைப்பதற்குள் மூச்சு நின்றுவிடுகிறது என்று துருவிக் கேட்ட பிறகுதான் வந்தது. குனிந்த 30 விநாடிக்குள் மூச்சு முட்டினால் அது இதயத்தில் அழுத்தம் ஏறியிருப்பதன் அறிகுறி என்று அமெரிக்க மருத்துவர்கள் 2014இல் எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அவர்கள் ஷூ லேஸ் கட்டக் குனிகிறவர்களைப் பார்த்து எழுதினார்கள். இங்கே புதிதாக வருகிற பெண்களிடம் கோலம் யார் போடுகிறார்கள் என்று நான் கேட்கிறேன்.

உப்பளத்துப் பெரியவர் கதைக்கு வருகிறேன். அவரிடம் உப்பைக் குறை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரிய ஆள். அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து விநாடி அழுத்தி எடுத்தால், ஈரப் பாத்தியில் மிதித்த குதிகால் தடம் மாதிரி பள்ளம் நின்றது. சலைன் பாட்டில் கணக்கை வைத்து அவருக்கு விளக்கினேன். ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு. உடம்பும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில்தான் கட்டிவைக்கிறது. 9 கிராம் உப்பு வெளியேறாமல் தங்கினால் ஒரு லிட்டர் தண்ணீரையும் கூடவே பிடித்துவைக்கும். "உப்பு தண்ணிய இழுக்கும்னு எனக்கே சொல்லுதீயளா" என்று சிரித்தார்.

கருவாடு, அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம், சமையலுக்கும் சேர்த்து. நான்கு மாதத்தில் மூன்று முறை மூச்சுத் திணறலோடு வந்து படுத்தார். ஒவ்வொரு முறையும் நான் தண்ணி மாத்திரையைக் கூட்டினேன். 40 மில்லிகிராம் 80 ஆயிற்று, பிறகு இரண்டு வேளை ஆயிற்று. ஒவ்வொரு முறையும் கருவாட்டுக்காகத் திட்டினேன். "சத்தியமா தொடலை சார்" என்றார். நான் நம்பவில்லை.

நான்காவது முறை, டிஸ்சார்ஜ் ஆகிற நாள். பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்க அவர் மனைவி இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலைக்கும் நோட்டுக்கும் நடுவே, பேப்பரில் மடித்த ஒரு பொட்டலம் மேஜையில் விழுந்தது. பிரித்தால் ஏழெட்டு மாத்திரை. அட்டையைத் துண்டு துண்டாக வெட்டியிருந்ததில் பெயர் பாதிதான் தெரிந்தது, டைக்ளோஃபெனாக். "இது என்ன ஆச்சி?"

"அது இவுக முட்டுவலிக்கு சார். மெடிக்கல்ல குடுத்தாக. காலைல ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. அது போடலேன்னா மனுசன் கக்கூசுக்குக்கூட எந்திரிக்க மாட்டாக."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு முதல்முறை வருவதற்கும் முன்பிருந்தே.

சிறுநீரகத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போவதற்கு உடம்பு சில சுரப்புகளை வைத்திருக்கிறது. வலி மாத்திரைகள் அந்தச் சுரப்பைத்தான் தடுக்கின்றன. வலி குறையும், கூடவே சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் கொடுத்த தண்ணி மாத்திரையின் வீரியத்தையும் அது மட்டுப்படுத்தியிருக்கிறது. ஒரு கையால் நான் இறைத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பொட்டலம் மடையை அடைத்துக்கொண்டிருந்தது. மெடிக்கல் கடைக்காரர் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் நான்கு மாதமும் "வேற மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டதோடு நின்றவன் நான். அவர் கணக்கில் அது மாத்திரையே இல்லை, முட்டுவலி மருந்து. "வலிக்கு என்ன பண்ணுறீங்க?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் மூன்று முறை படுத்திருக்கமாட்டார். கருவாட்டுக்காகத் திட்டியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சார், கருவாடு கெட்டதுதான" என்றார்.

முட்டுவலிக்கு பாராசிட்டமாலும் ஒத்தடமும் என்று மாற்றினேன். பிறகு எடை நோட்டு. காலையில் எழுந்து ஒண்ணுக்குப் போய்விட்டு, காபி குடிக்கும் முன்பு, அதே வேட்டியோடு எடை பார்த்து எழுதவேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையாக இருக்க முடியாது. கால் வீங்குவதற்கு முன்பே, மூச்சு வாங்குவதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும். வீட்டில் எடை மெஷின் இல்லை என்றார் மகன். பெரியவர்தான் வழி கண்டுபிடித்தார். தெருக் கோடியில் உப்புக் கிட்டங்கி இருந்தது. அங்கே மூட்டை நிறுக்கிற மெஷினில் தினமும் காலையில் ஏறி நின்றார். பேரனின் கணக்கு நோட்டில் தேதி, அதற்கு எதிரே எடை. மூன்றாம் மாதம் மகன் புது மெஷின் வாங்கிக் கொடுத்தபோது "இது கிட்டங்கி மெஷினவிட 400 கிராம் கொறச்சலா காட்டுது" என்று புகார் எழுதி வைத்திருந்தார். இப்படியொரு நோயாளி வாய்ப்பது பாக்கியம்.

உப்பைப் பற்றி நான் முன்பிருந்த அளவுக்குக் கறாராக இப்போது இல்லை. 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், உப்பை மிகக் கடுமையாகக் குறைத்தவர்களுக்கு மரணமோ ஆஸ்பத்திரிச் சேர்க்கையோ குறைந்ததாகத் தெரியவில்லை. உப்பே இல்லாத கஞ்சியைத் தள்ளிவிட்டுப் பட்டினி கிடந்து சதை வற்றிப்போன கிழவர்களை நானும் பார்த்திருக்கிறேன். கருவாடும் அப்பளமும் வேண்டாம், குழம்பில் அளவாகப் போடுங்கள், அவ்வளவுதான். தண்ணீர் ஒன்றரை லிட்டர் என்று சொம்பால் அளக்கச் சொல்வதையும் எல்லோருக்கும் சொல்வதில்லை. தூத்துக்குடி மே மாத வெயிலில் தலைசுற்றி விழுகிறவர்களுக்குத் தண்ணி மாத்திரையைத்தான் முதலில் குறைப்பேன். பேதி, வாந்தி என்றால் உடனே டாக்டருக்குப் போன் போடவேண்டும்.

இளநீர்தான் தொல்லை. வீக்கமா, இளநீர் குடி என்று ஊரே சொல்லும். இளநீரில் பொட்டாசியம் நிறைய. நாங்கள் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும். இரண்டும் சேர்ந்து அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் வருவதிலும் பொட்டாசியம் உண்டு. நல்லெண்ணத்தோடு மருமகள் வாங்கிவைப்பது அதைத்தான். இந்துப்பு என்றால் கெடுதல் இல்லை என்று நினைக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் சாதாரண உப்புதான்.

மாத்திரைகள் பக்கம் வருகிறேன். தண்ணி மாத்திரை நீரை இறக்கும், மூச்சைச் சீராக்கும், ஒரே நாளில் பலன் தெரியும். அதனால் எல்லோருக்கும் அதன் மேல் பிரியம். ஆயுளைக் கூட்டும் மாத்திரைகள் வேறு நான்கு வகை. அவற்றைப் போட்டால் உடனே ஒன்றுமே தெரியாது. சிலவற்றில் முதல் இரண்டு வாரம் சோர்வுதான் கூடும். அப்படிப்பட்டது பீட்டா பிளாக்கர். நான் படித்த காலத்தில், பம்பிங் குறைந்தவருக்கு இதைக் கொடுத்தால் பரீட்சையில் என்னை ஃபெயிலாக்கியிருப்பார்கள். துடிப்பை மட்டுப்படுத்துகிற மருந்து, நொண்டும் இதயத்துக்கு விஷம் என்பது பாடம். சுவீடனின் கோதன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர் 1975இலேயே ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டு எழுதினார்கள். யாரும் நம்பத் தயாராக இல்லை. 1999இல் இரண்டு பெரிய ஆய்வுகள், மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டிய பிறகுதான் பாடம் திரும்பியது. பலவீனமான இதயத்தை உடம்பு அட்ரினலினால் விரட்டிக்கொண்டே இருக்கிறது, இந்த மாத்திரை அந்த விரட்டலைத் தடுக்கிறது என்று பெரியவரிடம் சொன்னேன். "மாட்டு கழுத்துலேந்து நுகத்தடிய எறக்குத மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம். ஆனால் மெதுவாக இறக்கவேண்டும். நீர் வடிந்த பிறகே தொடங்கவேண்டும். கார்வெடிலால் என்றால் 3.125 மில்லிகிராமில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாக்கி, 25 வரை.

அந்த நான்கில் இன்னொரு வகையான எனாலப்ரில் போட்ட சிலருக்கு வறட்டு இருமல் வரும். இருமல் மருந்து பாட்டில் பாட்டிலாகத் தீரும். டாக்டரிடம் சொல்லத் தோன்றாது, சொன்னால் மாற்று மாத்திரை இருக்கிறது. ஸ்பைரனோலாக்டோன் போட்ட ஆண்களில் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும். வெட்கப்பட்டு அதையும் சொல்லமாட்டார்கள், எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். இதை நானாகவே கேட்கிறேன், மனைவியை வெளியே அனுப்பிவிட்டு. டாபாகிளிஃப்லோசின் சர்க்கரைக்கு வந்த மருந்து. சர்க்கரை இல்லாதவர்களின் பலவீன இதயத்துக்கும் உதவுகிறது என்று 2019இல் தெரிந்தது. மறு வருஷமே இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலை இறங்கியது. "எனக்குச் சுகரே இல்லையே, மெடிக்கல்ல சுகர் மாத்திரைங்கறாங்களே" என்று வாரத்துக்கு ஒருவர் போன் செய்கிறார்.

துறைமுகத்தில் லாரி ஓட்டிய ஒருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். 41 வயது, ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை, குடி கொஞ்சம் இருந்தது. பம்பிங் 22. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 2013இல் 1205 நோயாளிகளைச் சேர்த்து ஆரம்பித்த பதிவேட்டில் சராசரி வயதே 61தான். நம் பக்கத்தில் இந்த நோய் சம்பாதிக்கிற வயதிலேயே வருகிறது, அவருக்கு அதற்கும் முன்பே. குடியை விட்டார், நான்கு மாத்திரையும் ஒழுங்காகப் போட்டார். பதினான்கு மாதத்தில் 55. திரையைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. பிறகு ஆளைக் காணவில்லை. ஐந்து மாதம் கழித்துச் சக்கர நாற்காலியில் வந்தார். "55 வந்துட்டே சார், பாஸாயிட்டேனேன்னு நிறுத்திட்டேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 55 என்று சந்தோஷமாகச் சொல்லி அனுப்பியவன், அது மாத்திரையோடு சேர்ந்த 55 என்று சொல்லவில்லை. லண்டனில் இப்படித் தேறியவர்களில் 25 பேருக்கு மருத்துவர் கண்காணிப்பிலேயே மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பியது. 2018இல் வந்த முடிவு. லாரிக்காரர் மறுபடி 45 வரை வந்திருக்கிறார். லாரியை விட்டுவிட்டு டீக்கடை வைத்திருக்கிறார்.

ஒரே ஓர் இடத்தில் 35 நிஜமாகவே எல்லைக்கோடு. மூன்று மாதம் எல்லா மாத்திரையும் போட்ட பிறகும் 35ஐத் தாண்டாதவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து அதிகம், ஷாக் கொடுக்கிற கருவியை நெஞ்சில் வைப்பது பற்றி யோசிப்போம். விலை லட்சங்களில். பலருக்கு அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. எல்லோரும் தேறுவதுமில்லை. மாத்திரை, நோட்டு எல்லாம் சரியாக இருந்தும் என் கையிலேயே போனவர்கள் உண்டு.

பெரியவருக்கும் கருவி வைக்கவில்லை. ஏழு வருஷம் இருந்தார், ஒருமுறைதான் மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தார். கடைசியாக எக்கோ பார்த்தபோது 34. திரும்பிப் பார்த்து, "ஒரு மார்க்குல போச்சே சார்" என்றார். அவர் காலமான பிறகு மகன் நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மொத்தம் ஒன்பது. மேஜை இழுப்பறையில் இருக்கின்றன, புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன்.

பம்பிங் கம்மி என்று உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சொல்லியிருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது எக்கோ ரிப்போர்ட்டை மறந்தாலும் பரவாயில்லை. வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முட்டுவலிக்குப் போடுவதையும், கஷாயப் பொடியையும், சுருக்குப்பையில் மடித்து வைத்திருப்பதையும் சேர்த்து.